செய்தித் தடத்திற்கு வழியும் காவலும்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரம் உள்ளது. பேருந்து ஒன்று இத்தூரத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகிறது. ஒளியிழையின் வழியே செல்லும் செய்தியோ ஒரு விநாடியில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் இதைக் கடந்துவிடுகிறது. ஆனால் அந்த இழையைப் பூமியில் புதைப்பதற்கு முன் தேசிய நெடுஞ்சாலை, மாநிலச் சாலை, நகராட்சித் தெரு, கிராமப் பஞ்சாயத்து நிலம், ரயில் பாதை, வனம் ஆகிய பலவற்றின் பொறுப்பாளர்களிடம் இசைவு பெற வேண்டியுள்ளது. புதைத்த பின்னரோ, குடிநீர்க் குழாய்க்காகவும் கால்வாய்க்காகவும் மண்ணைத் தோண்டும் எந்த இயந்திரமும் அதை ஒரே வீச்சில் அறுத்துவிடக்கூடும்.

ஆகவே தொலைத்தொடர்புச் சட்டத்திற்கு இரண்டு வேலைகள் உள்ளன. செய்தித் தடத்திற்கு வழி திறப்பது ஒன்று. திறந்த வழியைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டும் நடைமுறையில் ஒரே அடிப்படையின்மேல் நிற்கின்றன. உரிய காலத்தில், உரியவருக்கு, எழுத்து மூலம் அறிவிப்பதே அந்த அடிப்படை. இதனைச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நிலைமையைக் கொண்டு ஆராய்வது களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பயன்தரும்.

தடத்தின் இயல்பு

தொலைதூரச் செய்திகளை ஏந்திச் செல்லும் ஒளியிழை, தூய கண்ணாடியால் ஆனது. அதன் புற விட்டம் 125 மைக்ரான். ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டமோ சுமார் 9 மைக்ரான் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒளி வெளியே சிதறாமல் முழு அக எதிரொளிப்பினால் இழைக்குள்ளேயே செல்கிறது. நல்ல இழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவே ஒளி குறைகிறது. 70 கிலோமீட்டருக்கு இது 14 டெசிபல். அதாவது புறப்பட்ட ஒளியில் ஏறத்தாழ 25இல் ஒரு பங்கு மறுமுனையைச் சென்றடையும். செய்தியைப் படிக்க அது தாராளமாகப் போதும்.

கைப்பேசிக் கோபுரங்கள் வானலைகளைக் கொண்டு வேலை செய்வதால், அவற்றுக்குப் பூமியில் உள்ள தடம் தேவையில்லை என்று பலர் எண்ணுகின்றனர். கைப்பேசியிலிருந்து அருகிலுள்ள கோபுரம் வரையில்தான் செய்தி வானலையில் செல்கிறது. கோபுரத்திலிருந்து அப்பால் அது பெரும்பாலும் ஒளியிழையிலேயே பயணம் செய்கிறது. ஆதலால் ஓரிடத்தில் இழை அறுந்தால் பல கோபுரங்கள் ஒருங்கே செயலற்றுப் போகலாம்.

இதன் விளைவு எளிதானதன்று. ஆந்திரப் பிரதேசத்தில் 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கிய 108 அவசர ஊர்தி சேவை, தொலைபேசி அழைப்பைக் கொண்டே இயங்குவது. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18, 19ஆம் நாட்களில் பெய்த பெருமழையால் சொர்ணமுகி ஆறு பெருக்கெடுத்துத் திருப்பதி நகரில் வெள்ளம் புகுந்தது. அடுத்த நாட்களில் ராயலசெருவு ஏரியின் கரை உடையுமோ என்ற அச்சத்தால் கீழுள்ள கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இத்தகைய வேளையில் எச்சரிக்கை ஒரு மணி நேரம் பிந்தினால் அது உயிருக்கே கேடாக முடியும். தடத்தைக் காப்பது உயிரைக் காப்பதன் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும்.

பழைய சட்டமும் புதிய சட்டமும்

இந்தியாவில் தந்திக்கான முதற்சட்டம் 1854இல் இயற்றப்பட்டது. பின்னர் வந்த 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டமே நூற்றாண்டுக்கும் மேலாகத் தந்தி, டெலிபோன், கைப்பேசி ஆகிய யாவற்றுக்கும் ஆதாரமாக விளங்கியது. தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்ட பின்னரும் அச்சட்டம் நீடித்தது. கம்பியில்லாச் சாதனங்களுக்காக 1933இல் தனிச் சட்டம் ஒன்று ஏற்பட்டது.

1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு கூறிய நெறி கருதத்தக்கது. தந்தி அதிகாரி பிறர் நிலத்தின் கீழும் மேலும் கம்பி அமைக்கலாம். ஆயினும் அந்த நிலத்தில் அவருக்கு உபயோக உரிமை தவிர வேறு உரிமை எதுவும் கிடையாது. இயன்றவரை குறைந்த சேதத்துடன் வேலையை முடித்து, நேர்ந்த சேதத்திற்கு ஈடும் தரவேண்டும். நிலம் உடையவர் உரிமையும் பொதுமக்கள் தேவையும் இவ்வாறு சமன் செய்யப்பட்டன.

அக்காலத்தில் உலக நாடுகளும் இதே வழியில் சிந்தித்தன. 1884ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கடலடித் தந்தி வடங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வடத்தை வேண்டுமென்றே அறுப்பது மட்டுமின்றி, குற்றமாகக் கருதத்தக்க கவனக்குறைவால் அறுப்பதும் தண்டனைக்குரியது என்று அது வகுத்தது.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் பிரிவுகள் ஒரே நாளில் அன்றி, படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரப்படலாயின. வழியுரிமை, தடப் பாதுகாப்பு, குற்றங்கள் ஆகியவை பற்றிய பிரிவுகள் 2024ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் முதல் அமலுக்கு வந்தன. இனி, அறிவிப்பு என்னும் கடமை மூன்று கட்டங்களில் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் காண்போம்.

முதல் அறிவிப்பு: வழி கேட்டல்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழி சிறந்த எடுத்துக்காட்டு. புத்தலப்பட்டு வரை 40ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அங்கிருந்து சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு வேறொரு தேசிய நெடுஞ்சாலை. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் ரயில் பாதையும் இப்பகுதியில் உண்டு. திருப்பதியை அடுத்த சேஷாசலம் மலைத்தொடர் 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகமாக விளங்குகிறது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமான பின்னர், ஒரே தடம் இரண்டு மாவட்ட நிர்வாகங்களின் எல்லைக்குள்ளும் செல்கிறது. ஒவ்வோர் இலாகாவும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம், தனித்தனிக் காலக்கெடு என்று வைத்தால் தடம் அமைவது ஆண்டுக்கணக்கில் தாமதமாகும்.

இக்குறையைப் போக்கவே 2016ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இந்தியத் தந்தி வழியுரிமை விதிகள் வெளியாயின. விண்ணப்பத்தின்மேல் 60 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் முடிவு செய்யாவிடில் இசைவு அளிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். மறுப்பதாயின் விண்ணப்பதாரர் கூறுவதைக் கேட்டு, காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று அவை விதித்தன. பூமிக்கடியில் அமையும் தடத்திற்கு நிர்வாகக் கட்டணம் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தன. இக்கணக்கின்படி 70 கிலோமீட்டர் தடத்திற்கு அக்கட்டணம் 70,000 ரூபாயைத் தாண்டியிராது. தோண்டிய சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு இதனின் வேறானது.

2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, புதிய சட்டத்தின்கீழ் அமைந்த 2024ஆம் ஆண்டு தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகள் அமலில் உள்ளன. பொது நிலத்தில் வழி தரும்போது நிறுவனங்களுக்கிடையே பாரபட்சம் காட்டலாகாது. ஒருவருக்கே ஏகபோகமாக வழி தரலாகாது என்பது சட்டத்தின் நெறி. நிலத்தில் அமைந்த கோபுரமோ வடமோ அந்நிலத்தின் பகுதியாகாது. ஆதலால் நிலத்தின்மேல் உள்ள கடனோ வில்லங்கமோ தடத்தைப் பாதிக்காது.

விண்ணப்பத்தை வெறும் சடங்கு எனக் கருதலாகாது. தடம் எங்கே, எந்த ஆழத்தில், எந்தக் குழாயில் செல்கிறது என்பதை முதன்முதலாகப் பதிவு செய்யும் ஏடு அதுவே. இப்பதிவு பிழைபட்டால் பின்வரும் பாதுகாப்பு அனைத்தும் பிழைபடும்.

இரண்டாம் அறிவிப்பு: தோண்டுமுன் சொல்லுதல்

ஒளியிழை வடத்திற்குச் சாதாரண மண்ணில் 1.65 மீட்டர் ஆழத்தில் பள்ளம் எடுப்பது தொலைத்தொடர்பு இலாகாவின் வழக்கமான அளவு. சித்தூர் மாவட்டத்தைப் போன்ற கருங்கற் பாறைப் பகுதியில் இவ்வாழம் எப்போதும் கிடைப்பதில்லை. ஆழம் குறையும் இடங்களில் இரும்புக் குழாய் அல்லது கான்கிரீட் உறையால் வடத்தைக் காக்க வேண்டியுள்ளது. ஆழம் குறைந்த இடத்தில்தான் பிறர் தோண்டும் இயந்திரத்தால் ஆபத்தும் மிகுதி.

இந்தியாவில் அறியாது தோண்டுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் முறை வடங்கள் அறுபடுவதாகவும், அதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் ஏற்படுவதாகவும் மத்திய அரசாங்கம் மதிப்பிட்டது. இதனைத் தடுப்பதற்காக 2022ஆம் ஆண்டு இந்தியத் தந்தி உள்கட்டமைப்புப் பாதுகாப்பு விதிகள் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவிக்கப்பட்டன. தோண்டும் உரிமை பெற்றவர் எவராயினும், வேலை தொடங்குமுன் பொதுவான மின்வலை வாயிலின் மூலம் அறிவிக்க வேண்டும். தடம் உடையவர் தம் வடம் செல்லும் இடத்தையும் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளையும் தெரிவிக்க வேண்டும். சேதம் நேர்ந்தால் தோண்டியவர் ஈடு தர வேண்டும் என்பன அவற்றின் சாரம். இதற்கென அமைந்த ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்னும் கைப்பேசிச் செயலி 2023ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. ‘தோண்டுமுன் அழையுங்கள்’ என்பது இப்பெயரின் பொருள். அமெரிக்காவிலும் இதே நோக்கத்திற்காக 811 என்னும் ஒரே தொலைபேசி எண் 2007 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது.

வடம் அறுந்த பின் இடத்தைக் கண்டறியும் முறையும் பதிவேட்டின் இன்றியமையாமையை விளக்குகிறது. ஒளித்துடிப்பு ஒன்றை இழையில் செலுத்தி, அறுந்த முனையிலிருந்து அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தை ஒரு கருவி அளக்கிறது. இழையில் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். அதாவது ஒரு மைக்ரோ விநாடிக்கு 200 மீட்டர். போவதும் வருவதும் சேர்வதால் ஒவ்வொரு மைக்ரோ விநாடிக்கும் 100 மீட்டர் தூரம் எனக் கணக்கிட வேண்டும். எதிரொளி 420 மைக்ரோ விநாடியில் வந்தால் அறுந்த இடம் 42 கிலோமீட்டரில் உள்ளது. ஆனால் இது வடத்தின் நீளமேயன்றிச் சாலையின் நீளமன்று. இணைப்புக் குழிகளில் வடம் சுருளாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். பாலங்களில் வளைந்து செல்லும். கருவி சொல்லும் 42ஆம் கிலோமீட்டர் எந்த ஊர் எல்லையில், எந்த மரத்தடியில் உள்ளது என்பதைத் தடப் பதிவேடு மட்டுமே சொல்ல வல்லது.

ஆந்திரப் பிரதேசத்தில் மற்றொரு முறையும் பெரிய அளவில் கையாளப்பட்டது. 2015இல் அமைந்த மாநில ஃபைபர்நெட் நிறுவனம், மின்கம்பங்களின்மேல் ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒளியிழை வடத்தைக் கட்டியது. 2017ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் இத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இம்முறையில் செலவும் காலமும் குறைவு. தோண்டும் ஆபத்தும் இல்லை. எனினும் புயற்காற்று, விழும் மரம், தீ, உயர்ந்த பாரம் ஏற்றிய லாரி ஆகியவற்றால் சேதம் நேரலாம். கம்பத்தில் ஏறும் மின்சார ஊழியரும் வடம் பராமரிக்கும் ஊழியரும் ஒருவருக்கொருவர் முன்னறிவிக்க வேண்டியதும் இங்கே கட்டாயமாகிறது. தென்பகுதி மின் வினியோக நிறுவனத்தின் தலைமையிடம் திருப்பதியிலேயே இருப்பது இவ்வொத்துழைப்புக்கு வாய்ப்பானது.

மூன்றாம் அறிவிப்பு: ஆறு மணி நேரத்திற்குள்

வடத்தை அறுக்காமலே தடத்தைக் கெடுக்கும் வழியும் உண்டு. கணிப்பொறி வழியாகக் கள்ளத்தனமாக நுழைந்து செய்தியைத் திருடலாம், சாதனங்களை முடக்கலாம். இதனை எதிர்கொள்ள 2024ஆம் ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் பாதுகாப்புக் கொள்கை வகுத்துக்கொண்டு, இதற்கெனத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். பாதுகாப்புக்கு ஊறு நேர்ந்தது தெரிந்த 6 மணி நேரத்திற்குள் மத்திய அரசாங்கத்திற்கு அறிவிக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள், பாதிக்கப்பட்டோர் எத்தனை பேர், எந்தப் பிரதேசம், எவ்வளவு நேரம் என்ற விவரங்களையும் தர வேண்டும். ஒரு தடத்தில் நுழைந்த தீங்கு அடுத்த தடத்திற்கு மிக விரைவில் பரவக்கூடும். ஆகவே மறைப்பதால் விளையும் கேடு, ஒப்புக்கொள்வதால் வரும் அவப்பெயரைவிடப் பெரிது. காலக்கெடு இவ்வளவு குறுகியதாக இருப்பதன் காரணம் இதுவே.

எந்தத் தடம் செயலிழந்தால் தேசப் பாதுகாப்பு, பொருளாதாரம், பொதுச் சுகாதாரம், மக்கள் பாதுகாப்பு ஆகியவை தளர்ந்துவிடுமோ, அதனை ‘இன்றியமையாத உள்கட்டமைப்பு’ என அரசாங்கம் அறிவிக்கலாம். அதைச் சேதப்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தின் 42ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இவ்விதிகள் தொழிற்சாலையையும் தொடுகின்றன. திருப்பதி மாவட்டத்திலுள்ள ஸ்ரீசிட்டியில் 2015 முதல் கைப்பேசிகள் தயாரிக்கப்படலாயின. ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்கமுள்ள அடையாள எண் உண்டு. இந்தியாவில் தயாராகும் சாதனத்தின் இவ்வெண்ணை முதல் விற்பனைக்கு முன்பே அரசாங்கத்திடம் தயாரிப்பாளர் பதிவு செய்ய வேண்டும். அதனை மாற்றுவதோ அழிப்பதோ குற்றமாகும். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் இவ்வெண் தோன்றும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்து காட்டலாம்.

வானலைக்கும் பதிவேடு உண்டு

பாகாலாவுக்கும் சந்திரகிரிக்கும் இடையே காதங்கி என்னும் கிராமத்தில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. அங்குள்ள பெரிய ரேடார் 1,024 ஆன்டெனாக்களைக் கொண்டது. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குவது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அதன் அலைநீளம் 5.66 மீட்டர் எனக் கிடைக்கிறது. உச்ச அளவில் 25 லட்சம் வாட் ஆற்றலை வானில் செலுத்தி, காற்றின் மெல்லிய அசைவுகளிலிருந்து திரும்பும் மிக நுண்ணிய எதிரொலியை அது கேட்கிறது. இவ்வாறான இடத்தின் அருகே, அதே அதிர்வெண்ணில், அனுமதி பெறாத சாதனம் ஒன்று இயங்கினால் அந்நுண்ணொலி மறைந்துபோகும்.

ஆகவே வானலைகளைப் பகிர்ந்தளிப்பதும் ஒரு வகை வழியுரிமையே. இதற்காக 1952 முதல் கம்பியில்லாத் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு இயங்கி வருகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அலைக்கற்றையை ஏலத்தின் வழியே அளிப்பதைப் பொதுநெறியாகக் கொண்டு, தேசப் பாதுகாப்பு, பேரிடர் நிர்வாகம், வானிலை முன்னறிவிப்பு முதலிய சில பணிகளுக்கு ஏலமின்றி நேராக ஒதுக்க வகை செய்துள்ளது. வீட்டிலும் கடையிலும் சிலர் அனுமதியின்றிப் பொருத்தும் அலைபெருக்கிச் சாதனங்கள் சட்டவிரோதமானவை. ஒரு வீட்டில் ஒலி தெளிவாகலாம். அண்டை வீதி முழுவதும் அதனால் அழைப்பு தடைப்படலாம்.

அதிகாரத்திற்கும் எல்லை

பேரிடரின்போதும் பொது அமைதிக்கு ஆபத்து நேரும்போதும் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தவும், அவசரச் செய்திகளுக்கு முன்னுரிமை தரவும் அரசாங்கத்திற்கு அதிகாரம் உண்டு. அவ்வதிகாரமும் அறிவிப்பு என்னும் கடமைக்கு உட்பட்டதே. சேவை நிறுத்த உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும். கால வரையறையின்றி நிறுத்துதல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஓர் உத்தரவு 15 நாட்களுக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆகவே பள்ளம் தோண்டும் ஒப்பந்தக்காரர் முதல் சேவையை நிறுத்தும் செயலாளர் வரை எவருக்கும் சொல்லாமல் செய்யும் உரிமை இல்லை.

களப்பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பள்ளம் எடுக்குமுன் அறிவிப்பு அனுப்பி, பதில் வந்த பின்னரே இயந்திரத்தை இறக்குதல். வடம் செல்லும் இடத்தை நெருங்கும்போது மண்வெட்டியால் கைவேலையாகத் தோண்டுதல்.

2. வடம் புதைத்த அன்றே ஆழம், குழாயின் வகை, இணைப்புக் குழியின் இடம், சுருளின் நீளம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுதல்.

3. தவறுதலாக வடம் அறுந்தால் மண்ணை மூடி மறைக்காமல், உடனே தடம் உடையவருக்குத் தெரிவித்தல். இழை அறுந்த முனையை வெறும் கண்ணால் நேராகப் பார்த்தல் ஆகாது. கண்ணுக்குப் புலப்படாத ஒளி விழித்திரையைக் கெடுக்கக்கூடும்.

4. இசைவு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுதல்.

சட்டப் புத்தகத்தில் உள்ள காவல், களத்தில் ஒருவர் எழுதும் ஒரு வரியால்தான் உயிர் பெறுகிறது. அடுத்த பெருமழை சொர்ணமுகியில் இறங்கும்போது, எச்சரிக்கை உரிய வேளையில் கிராமத்தைச் சேர்வதும் அவ்வொரு வரியைப் பொறுத்தே இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒளித்துடிப்பு 265 மைக்ரோ விநாடியில் திரும்பினால் வடம் எத்தனை கிலோமீட்டரில் அறுந்துள்ளது? அவ்விடத்தைச் சாலையில் கண்டறிய வேறு என்ன தேவை?

2. பூமிக்கடியில் புதைத்த வடம், மின்கம்பத்தின்மேல் கட்டிய வடம் இவற்றின் நன்மை தீமைகளை ஒப்பிடுக.

3. வழி கேட்டல், தோண்டுமுன் சொல்லுதல், ஊறு நேர்ந்தபின் தெரிவித்தல் ஆகிய மூன்றிலும் அறிவிக்கும் கடமை யாருடையது, யாருக்கு?

4. மாணவர்கள் தங்கள் ஊரில் வடத்தடத்தைக் காட்டும் அடையாளக் கற்களையும் பலகைகளையும் கண்டு, ஊர்ப் படம் ஒன்றில் குறிக்கச் செய்க.